சுகாதாரச் சேவை ஆய்வில் மேற்படிப்பு: பிரசவ வார்டிலிருந்து ஒரு கேள்வி

நிலாமுற்றம்

அனைவருக்கும் வணக்கம். தென்மாவட்டம் ஒன்றில், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் பிரசவ வார்டில் ஒன்பது ஆண்டுகளாகச் செவிலியராகப் பணியாற்றி வருகிறேன். பி.எஸ்சி. நர்சிங் படித்தவள், வயது முப்பத்திரண்டு, இரண்டாம் வகுப்பில் படிக்கும் மகள் இருக்கிறாள்.

சென்ற ஆண்டு ஒரு நாள் இரவு ஒன்பது மணியளவில், இரத்த அழுத்தம் மிகவும் ஏறி, 108 வண்டியிலேயே வலிப்பு கண்ட ஒரு பெண்ணை எங்கள் வார்டுக்குக் கொண்டுவந்தார்கள். தலைப்பிரசவம். அவள் காலையிலேயே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போயிருக்கிறாள். அங்கிருந்து தாலுகா மருத்துவமனைக்கு அனுப்பியிருக்கிறார்கள். அங்கே சில மணி நேரம் இருந்தபின் எங்களிடம் வந்திருக்கிறாள். தாயைக் காப்பாற்றிவிட்டோம், குழந்தை இல்லை. அவளுடைய அம்மா கையில் மூன்று சீட்டுகளை வைத்துக்கொண்டு என்னிடம் ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டார்: "காலையிலயே கெளம்பிட்டோமேம்மா, பொழுது எங்கம்மா போச்சு?"

அந்தக் கேள்விக்கு எனக்கு விடை தெரியவில்லை. எந்த மருத்துவர் மீதும் செவிலியர் மீதும் குறை சொல்ல நான் வரவில்லை. மூன்று இடத்திலும் இருந்தவர்கள் தங்களால் இயன்றதைச் செய்திருப்பார்கள் என்றே நம்புகிறேன். ஆனால் மூன்று நல்ல இடங்களுக்கு நடுவில் ஒரு பகல் முழுவதும் எப்படித் தொலைந்தது என்பதை முறையாக ஆராயும் படிப்பு ஏதேனும் உண்டா என்று தேடியபோது, சுகாதாரச் சேவை ஆய்வு என்ற துறையின் பெயரைக் கண்டேன். உடன் பணிபுரிவோர் எம்.எஸ்சி. நர்சிங் படிக்கச் சொல்கிறார்கள். வேறு சிலர் பொது சுகாதார முதுகலை என்கிறார்கள். வெளிநாட்டில் நேரடியாக முனைவர் பட்டத்துக்கே போகலாம் என்கிறார் ஒரு மருத்துவர். இத்துறையில் இருப்பவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

வைகைத்துறை

சகோதரி, உங்கள் பதிவை இரண்டு முறை படித்தேன். நான் பல் மருத்துவம் படித்துவிட்டு, இப்போது அமெரிக்காவில் இத்துறையின் முனைவர் பட்டப் படிப்பில் நான்காம் ஆண்டில் இருக்கிறேன். நீங்கள் கேட்டிருப்பது இத்துறையின் நடுவான கேள்வி என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

உங்கள் வார்டில் தினமும் கையாளும் மருந்தையே எடுத்துக்கொள்வோம். 33 நாடுகளில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட கர்ப்பிணிகளிடம் நடத்தப்பட்டு 2002ஆம் ஆண்டு லான்செட் இதழில் வெளிவந்த மேக்பை ஆய்வு, மெக்னீசியம் சல்பேட் கொடுத்தால் வலிப்பு வரும் வாய்ப்பு பாதிக்கும் கீழாகக் குறைகிறது என்று நிறுவியது. மருந்து வேலை செய்கிறதா என்ற கேள்விக்கு அங்கே விடை கிடைத்துவிட்டது. அந்த மருந்து சுகாதார நிலையத்தின் அலமாரியில் இருக்கிறதா, இருந்தாலும் முதல் ஊசியைப் போட்டுவிட்டுத்தான் அனுப்புகிறார்களா, போடாமல் அனுப்பினால் அது பயிற்சிக் குறைவாலா, பயத்தாலா, போட்டபின் ஏதேனும் நேர்ந்தால் பழி வருமென்ற தயக்கத்தாலா என்ற கேள்விகள் எல்லாம் எங்கள் துறையைச் சேர்ந்தவை.

இந்தக் கேள்விகளைப் பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொடுத்தவர் அவேடிஸ் டொனபீடியன். 1919இல் பெய்ரூட்டில் ஆர்மீனியக் குடும்பத்தில் பிறந்து, மருத்துவராகி, பின்னர் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் நெடுங்காலம் கற்பித்தவர். 1966இல் எழுதிய கட்டுரையில், மருத்துவத்தின் தரத்தை அமைப்பு, செயல்முறை, விளைவு என்ற மூன்று நிலைகளில் பார்க்க வேண்டும் என்றார். மருந்தும் ஆளும் கருவியும் இருப்பது அமைப்பு. உரிய நேரத்தில் உரியதைச் செய்வது செயல்முறை. தாய்க்கும் சேய்க்கும் நேர்வது விளைவு. கேட்க எளிதாகத் தோன்றும். ஆனால் ஆய்வு வகுப்பில் முதல் ஆண்டு முழுவதும் நாங்கள் தடுமாறுவது, நம் கையில் உள்ள எண் இந்த மூன்றில் எதை அளக்கிறது என்பதைச் சரியாகச் சொல்வதில்தான்.

படிப்பின் அமைப்பைச் சொல்கிறேன். இங்கே முனைவர் பட்டத்தின் முதல் இரண்டு ஆண்டுகள் பாடங்கள்: புள்ளியியல், பொருளியல் அளவை முறைகள், சுகாதாரப் பொருளியல், நிறுவனங்கள் இயங்கும் விதம் பற்றிய கோட்பாடுகள், கொள்கைப் பகுப்பாய்வு. பிறகு தகுதித் தேர்வு. அதன்பின் ஆய்வேடு, பெரும்பாலும் ஒன்றோடொன்று தொடர்புடைய மூன்று கட்டுரைகள். மொத்தம் நான்கு முதல் ஆறு ஆண்டுகள் பிடிக்கும். முழுநேர முனைவர் பட்ட மாணவர்களுக்குக் கல்விக் கட்டணமும் மாத உதவித்தொகையும் கிடைப்பது வழக்கம். முதுகலைக்குப் பெரும்பாலும் கைப்பணம்தான். இந்த வேறுபாட்டை அறியாமல் வீட்டை அடகு வைத்து முதுகலைக்கு வந்து திண்டாடியவர்களை எனக்குத் தெரியும்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இத்துறைக்கென்றே 1989இல் அமெரிக்க அரசு தொடங்கிய முகமையை வேறொரு அலுவலகத்துடன் இணைப்பதாக 2025 மார்ச் மாதத்தில் அறிவித்தார்கள். என் போன்ற மாணவர்களின் ஆய்வேட்டு நிதி அங்கிருந்துதான் வந்துகொண்டிருந்தது. ஆகவே இப்போது விண்ணப்பிப்பவர்கள், சேர்க்கைக் கடிதத்தில் எத்தனை ஆண்டுகளுக்கு உதவித்தொகை உறுதியளிக்கப்பட்டிருக்கிறது என்பதை எழுத்தில் பார்த்துக்கொள்ளாமல் விமானம் ஏறக்கூடாது.

செம்புலம்

நான் சுகாதாரப் பொருளியல் கற்பிப்பவன். வைகைத்துறை சொன்னவற்றை ஏற்கிறேன். ஆயினும், எங்கே படிப்பது என்பதைவிட எதைக் கற்பது என்பதே நிலாமுற்றம் அவர்கள் முதலில் தீர்க்க வேண்டியது என்று கருதுகிறேன்.

ஒரு கற்பனைக் கணக்கைப் பார்ப்போம். உங்கள் மருத்துவமனைக்கு நேரடியாக வந்த நூறு பேரில் மூவருக்கும், பிற மருத்துவமனைகளிலிருந்து அனுப்பப்பட்ட நூறு பேரில் பத்துப் பேருக்கும் கடும் சிக்கல் ஏற்பட்டது என்று வைத்துக்கொள்வோம். அனுப்பப்பட்டதால்தான் சிக்கல் கூடியது என்று சொல்லிவிட முடியுமா? முடியாது. சிக்கல் இருந்ததால்தான் அவர்கள் அனுப்பப்பட்டார்கள். மழை நாளில் குடை அதிகம் தென்படுவதைக் கண்டு குடைதான் மழையைக் கொண்டுவந்தது என்று சொல்வதைப் போன்ற பிழை இது. ஆனாலும் அரசு அறிக்கைகளிலும் ஆய்வேடுகளிலும் இப்பிழையை ஆண்டுதோறும் பார்க்கிறேன், அதுவும் வண்ணப் படங்களோடு.

இப்பிழையிலிருந்து தப்பும் வழிகளைக் கற்பதுதான் இத்துறையின் மேற்படிப்பு என்பேன். 1994இல் மெக்லெல்லன், மெக்நீல், நியூஹவுஸ் ஆகிய மூவர், மாரடைப்பு வந்த முதியோருக்கு இதயக் குழாய்ப் பரிசோதனை போன்ற தீவிர சிகிச்சை எவ்வளவு பயன் தருகிறது என்று ஆராய்ந்தார்கள். தீவிர சிகிச்சை பெற்றவர்கள் நெடுநாள் உயிரோடிருந்தது உண்மை. ஆனால் மருத்துவர்கள் ஓரளவு திடமானவர்களைத்தான் அந்தச் சிகிச்சைக்குத் தேர்ந்தெடுத்தார்கள். ஆகவே ஆய்வாளர்கள் வீட்டின் தூரத்தைப் பயன்படுத்தினார்கள். அந்த வசதியுள்ள மருத்துவமனைக்கு அருகில் வசிப்பவர்க்கு அச்சிகிச்சை கிடைக்கும் வாய்ப்பு அதிகம்; ஆனால் வீடு எங்கே இருக்கிறது என்பது ஒருவருடைய மாரடைப்பின் கடுமையைத் தீர்மானிப்பதில்லை. அப்படிக் கணக்கிட்டபோது, மேலோட்டமான ஒப்பீட்டில் பெரிதாகத் தெரிந்த பயன் வெகுவாகச் சுருங்கிவிட்டது. உங்கள் ஆய்விலும் தூரம் ஒரு கருவியாகப் பயன்படக்கூடும். அல்லது நம் ஊரில் வறுமையும் தூரமும் சேர்ந்தே இருப்பதால் பயன்படாமலும் போகலாம். எது என்று தீர்மானிக்கும் அறிவுதான் பயிற்சி.

உடனடியாகத் தொடங்க ஒரு வழி உண்டு. தேசிய மாதிரி ஆய்வின் 75ஆம் சுற்று, 2017 ஜூலை முதல் 2018 ஜூன் வரை, மக்களின் மருத்துவச் செலவைக் கேட்டறிந்தது. அதன் குடும்ப அளவிலான தரவு இலவசமாகக் கிடைக்கிறது. தரவைப் புள்ளியியல் முறையில் அலச உதவும் ஆர் (R) மென்பொருளும் இலவசம். விடுமுறை நாட்களில் அதைத் திறந்து, நம் மாநிலத்தில் பிரசவத்துக்குக் கைப்பணம் எவ்வளவு போகிறது என்ற ஒரு கேள்விக்கு மட்டும் விடை காண முயலுங்கள். அந்த வேலை உங்களுக்குப் பிடிக்கிறதா, சலிக்கிறதா என்பது தெரிந்துவிடும்.

பொருநை

செம்புலம் ஐயா அவர்களின் எச்சரிக்கை சரியானது. ஆனால், எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு அந்தத் தாயின் கேள்விக்குப் பதில் சொல்லிவிட முடியாது என்பதையும் இங்கே பதிவு செய்ய விரும்புகிறேன். நான் திருவனந்தபுரத்தில் அச்சுத மேனோன் மையத்தில் பொது சுகாதார முதுகலை படித்தவள். அங்கே இப்படிப்பு 1997 முதல் நடக்கிறது. இப்போது நேர்காணல் வழி ஆய்வுகளைச் செய்துவருகிறேன்.

நிலாமுற்றம் அவர்கள் எழுதியதைப் படித்தவுடன், 1994இல் தாடியஸும் மெய்னும் எழுதிய கட்டுரைதான் நினைவுக்கு வந்தது. பேறுகால மரணங்களுக்கு முன் நிகழும் தாமதங்களை அவர்கள் மூன்றாகப் பிரித்தார்கள்: மருத்துவ உதவியை நாடலாம் என்று வீட்டில் முடிவெடுப்பதில் தாமதம், மருத்துவமனையைச் சென்றடைவதில் தாமதம், சென்றடைந்தபின் தகுந்த சிகிச்சை கிடைப்பதில் தாமதம். நம் மாநிலத்தில் பிரசவங்கள் ஏறக்குறைய முழுவதும் மருத்துவமனைகளிலேயே நடக்கின்றன. 108 வண்டியும் 2008 முதல் ஓடுகிறது. ஆகவே முதல் இரண்டு தாமதங்கள் குறைந்து, மூன்றாவதுதான் பெரிதாகி நிற்கிறது. அதிலும், ஒரு மருத்துவமனைக்கும் அடுத்ததற்கும் இடையில் அந்த இரண்டாம் தாமதமும் மூன்றாம் தாமதமும் மாறி மாறி வருகின்றன. அந்த மூன்று சீட்டுகளின் கதை அதுதான்.

என் முதுகலை ஆய்வில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். எனக்குக் கிடைத்த பதிவுகளில், நோயாளியை மேல்சிகிச்சைக்கு அனுப்பிய நேரம் பல சீட்டுகளில் எழுதப்படவே இல்லை. அலட்சியம் என்றுதான் முதலில் எழுதிவைத்தேன். பிறகு ஒரு மருத்துவரிடம் நெடுநேரம் பேசியபோது அவர் தயங்கித் தயங்கிச் சொன்னார்: பின்னால் தாய் இறந்துபோனால் விசாரணைக் கூட்டத்தில் அந்த நேரத்தைப் பிடித்துக்கொண்டுதான் கேள்வி கேட்பார்கள், ஆகவே எழுதாமல் விடுவதே பாதுகாப்பு என்று. அந்த வெற்றிடத்தைப் புள்ளியியலில் விடுபட்ட தரவு என்பார்கள். ஆனால் அது தானாக விடுபட்டதல்ல. எந்த வழக்கில் சிக்கல் வரும் என்று அஞ்சினார்களோ அந்த வழக்கிலேயே விடப்பட்டது. இதை ஆர் மென்பொருள் சொல்லித்தராது. இதை அறியாமல் கணக்குப் போட்டால், விடை நேர்த்தியாக வரும், தவறாகவும் வரும்.

ஆகவே நீங்கள் சேரும் இடத்தில் நேர்காணல், களக் கவனிப்பு, பதிவேட்டுப் பகுப்பாய்வு ஆகியவற்றையும் பாடமாக நடத்துகிறார்களா என்று கேளுங்கள். விருப்பப் பாடமாக ஓர் ஓரத்தில் வைத்திருந்தால், ஒரு முறைக்கு இரண்டு முறை யோசியுங்கள்.

யாழ்வடகரை

வணக்கம் அக்கா. நான் இலங்கையில் சமுதாய மருத்துவத்தில் பட்டப்பின் பயிற்சியில் உள்ள மருத்துவர். எங்களுடைய பாதை வேறு விதமானது. கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பட்டப்பின் மருத்துவ நிறுவனத்தில் முதலில் முதுகலை, அதன் பின் ஆய்வேட்டுடன் கூடிய எம்.டி., பிறகு வெளிநாட்டுப் பயிற்சி என்று அது செல்லும். மருத்துவர்களுக்கானது என்பதால் உங்களுக்கு நேரடியாகப் பயன்படாது. ஆனால் எங்கள் அனுபவத்தில் ஒன்று உங்களுடைய கேள்விக்கு உதவக்கூடும்.

1926இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதார அலகு முறையின் தொடர்ச்சியாக, இன்றும் ஒவ்வொரு கர்ப்பவதியையும் தன் பிரிவுக்குரிய குடும்பநல உத்தியோகத்தர் (உங்கள் கிராம சுகாதாரச் செவிலியரைப் போன்றவர்) வீட்டிலேயே சென்று பார்க்கிறார். ஒரு தாய் இறந்தால், இறப்பு நிகழ்ந்த வைத்தியசாலையில் மட்டுமன்றி, அவள் வாழ்ந்த பகுதியிலும், பின்னர் மாவட்ட மட்டத்திலும் தேசிய மட்டத்திலும் அந்த மரணம் மீளாய்வு செய்யப்படுகிறது. அந்தக் கூட்டங்களில் இருந்து நான் கற்றுக்கொண்டது என்னவென்றால், ஆதார வைத்தியசாலைக்கும் (உங்கள் தாலுகா மருத்துவமனையைப் போன்றது) போதனா வைத்தியசாலைக்கும் (மருத்துவக் கல்லூரி மருத்துவமனையைப் போன்றது) இடையே நடந்ததைப் பற்றி மிகத் தெளிவாகப் பேசுபவர் பெரும்பாலும் குடும்பநல உத்தியோகத்தர்தான். அவருக்குத்தான் முழுப் பாதையும் தெரியும். மற்ற எல்லோருக்கும் தங்கள் விடுதி (வார்டு) வாசலிலிருந்து உள்ளே நடந்தது மட்டும் தெரியும். உங்கள் ஆய்வில் கிராம சுகாதாரச் செவிலியர்களை மறந்துவிடாதீர்கள்.

கொங்குமேடு

சுகாதாரத் துறையின் புள்ளிவிவரப் பிரிவில் நீண்டகாலம் பணியாற்றி ஓய்வுபெற்றவன் நான். அம்மா, எல்லோரும் படிப்பைப் பற்றிச் சொன்னார்கள். நான் தரவைப் பற்றிச் சொல்கிறேன்.

நீங்கள் குறிப்பிட்ட மூன்று இடங்களும் மூன்று வெவ்வேறு இயக்ககங்களின் கீழ் வருகின்றன. ஆரம்ப சுகாதார நிலையம் பொது சுகாதார இயக்ககத்தைச் சேர்ந்தது. தாலுகா மருத்துவமனை மருத்துவம் மற்றும் ஊரக நலப்பணிகள் இயக்ககத்தைச் சேர்ந்தது. உங்கள் மருத்துவமனை மருத்துவக் கல்வி இயக்ககத்தைச் சேர்ந்தது. மூவருக்கும் தனித்தனிப் பதிவேடுகள், தனித்தனி மாதாந்திர அறிக்கைகள், தனித்தனி ஆய்வுக் கூட்டங்கள். ஒவ்வொரு இயக்ககமும் தன் எல்லைக்குள் நடந்ததற்கு ஒழுங்காகக் கணக்குக் காட்டும். அந்தப் பெண்ணின் பகல்பொழுது தொலைந்தது எல்லைக்கோடுகளில். அதற்குக் கணக்கு எழுதும் கடமை எவருக்கும் இல்லை.

ஆனாலும் மூன்று இடத்தையும் ஒட்டும் ஓர் இழை நம்மிடம் இருக்கிறது. கர்ப்பத்தைப் பதிவு செய்யும்போது தரப்படும் பிக்மி எண். பிறப்புச் சான்றிதழுக்கு அந்த எண்ணைக் கேட்பதால், தனியார் மருத்துவமனைக்குச் செல்பவர்களும் அதைப் பெற்றுக்கொள்கிறார்கள். அந்த எண்ணைக் கொண்டு மூன்று பதிவேடுகளையும் இணைக்க முடிந்தால், எந்த வெளிநாட்டுப் பல்கலைக்கழகமும் மதிக்கக்கூடிய ஆய்வேடு ஒன்று உங்கள் கையில் இருக்கும்.

இணைப்பதற்கு மூன்று இயக்ககங்களின் அனுமதியும் நிறுவன நெறிக்குழுவின் ஒப்புதலும் வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017இல் வெளியிட்ட நெறிமுறைகளை வாசியுங்கள். அனுமதி வருவதற்கு மாதங்கள் ஆகும். கோப்பு ஒரு மேசையில் தங்கிவிட்டால் அதற்கு மேலும் ஆகும். ஆகவே படிப்பில் சேர்ந்தபின் அனுமதி கேட்கலாம் என்று இருந்துவிடாதீர்கள். என் பணிக்காலத்தில், முதுகலை மாணவர்கள் பலர் கடைசி ஆறு மாதத்தில் வந்து தரவு கேட்டு, கிடைக்காமல், தலைப்பையே மாற்றிக்கொண்டு போனதைக் கண்டு வருந்தியிருக்கிறேன். ஒரு வேண்டுகோள்: ஒப்புதல் கிடைக்கும் முன் எந்த நோயாளியின் சீட்டையும் கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளாதீர்கள். நல்ல நோக்கத்தோடு செய்தாலும் அது தவறு.

நிலாமுற்றம்

ஒவ்வொருவருக்கும் நன்றி. எல்லைக்கோட்டில் தொலைந்த பகல் என்று கொங்குமேடு ஐயா எழுதியதைப் படித்துவிட்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். எனக்கு இன்னும் இரண்டு ஐயங்கள். கணிதத்தைப் பன்னிரண்டாம் வகுப்போடு விட்டவள் நான். இந்த வயதில் புள்ளியியல் ஏறுமா? இரண்டாவது ஐயம் கேட்கவே கூச்சமாக இருக்கிறது. மருத்துவர்களும் பொருளியல் அறிஞர்களும் இருக்கும் துறையில் ஒரு செவிலியரின் ஆய்வை மதிப்பார்களா?

வைகைத்துறை

இரண்டாவதற்கு முதலில் பதில் சொல்கிறேன், அக்கா. எங்கள் துறையில் மிக அதிகமாக மேற்கோள் காட்டப்படும் கட்டுரைகளில் ஒன்றை எழுதியவர் ஒரு செவிலியர். லிண்டா ஐக்கன், செவிலியராகப் பயிற்சி பெற்று, பின்னர் சமூகவியலில் முனைவர் பட்டம் வாங்கியவர். 2002இல் அவரும் உடன் ஆய்வாளர்களும், பென்சில்வேனியா மாநிலத்தின் 168 மருத்துவமனைகளில் அறுவை சிகிச்சை பெற்ற இரண்டேகால் லட்சத்துக்கும் மேற்பட்டோரின் பதிவுகளை ஆராய்ந்தார்கள். ஒரு செவிலியர் பார்த்துக்கொள்ளும் நோயாளிகளின் எண்ணிக்கை ஒன்று கூடும்போது, முப்பது நாட்களுக்குள் நோயாளி இறக்கும் வாய்ப்பு 7 விழுக்காடு கூடுகிறது என்று கண்டார்கள். 2014இல் ஐரோப்பாவின் ஒன்பது நாடுகளிலும் ஏறக்குறைய அதே விடை வந்தது. இரவுப் பணியில் ஒரே செவிலியர் வார்டு முழுவதும் ஓடுவது ஆபத்து என்பது செவிலியர் அனைவருக்கும் தெரியும். ஐக்கன் அதை எவரும் தள்ளிவிட முடியாத எண்ணாக மாற்றினார். வார்டில் நின்றிராத ஒருவருக்கு அந்தக் கேள்வியே தோன்றியிருக்காது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

புள்ளியியலைப் பொறுத்தவரை, பல் மருத்துவம் படித்த எனக்கும் அது ஏறியது. முதல் பருவத்தில் தினமும் மூன்று மணி நேரம் அதற்கே செலவிட்டேன், அழுதும் இருக்கிறேன். நிகழ்தகவு, நேர்கோட்டுத் தொடர்பு, ஒப்பீட்டுக் குழுவை அமைப்பது, இந்த மூன்றையும் வரும் முன்பே படித்துவிட்டால் பாதிச் சுமை குறையும்.

பணம் பற்றி: இங்கிலாந்துக்குச் செல்ல காமன்வெல்த், செவனிங் உதவித்தொகைகள் உண்டு, அங்கே முதுகலை ஓராண்டில் முடிவதால், மகளைப் பிரிந்திருக்கும் காலமும் குறைவு. யார்க் பல்கலைக்கழகத்தில் 1983 முதல் இயங்கும் சுகாதாரப் பொருளியல் மையமும், லண்டனில் உள்ள சுகாதார, வெப்பமண்டல மருத்துவப் பள்ளியும் இத்துறைக்குப் பெயர்பெற்றவை. கனடாவில் டொரொண்டோ பல்கலைக்கழகத்தில் இதே துறைப் பெயரில் முனைவர் பட்டம் இருக்கிறது.

செம்புலம்

பொருநை அவர்கள் சொன்ன விடுபட்ட நேரம் பற்றிய செய்தி என்னை யோசிக்க வைத்தது. என் மாணவர்களுக்கு விடுபட்ட தரவைப் பற்றி இரண்டு வாரம் பாடம் நடத்துகிறேன். அது ஏன் விடுபட்டது என்று எழுதியவரையே போய்க் கேட்கச் சொன்னதில்லை. இந்த ஆண்டு சொல்லப்போகிறேன்.

நிலாமுற்றம் அவர்கள் கேள்வியை விரித்துப் பார்க்க ஒரு செய்தியை மட்டும் சேர்க்கிறேன். ஜான் வென்பர்க் 1973இல் வெர்மான்ட் மாநிலத்தின் சிற்றூர்ப் பகுதிகளை ஒப்பிட்டபோது, நோயில் பெரிய வேறுபாடு இல்லாத அண்டை ஊர்களிலேயே குழந்தைகளின் தொண்டைச் சதையை அகற்றும் அறுவை சிகிச்சை பல மடங்கு வேறுபட்டது. வேறுபாடு மருத்துவர்களின் பழக்கத்தில் இருந்தது. நம்மிடமும் அப்படி ஒன்று இருக்கிறது. 2019 முதல் 2021 வரை நடந்த ஐந்தாம் தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் பிரசவங்களில் 44.9 விழுக்காடு அறுவை சிகிச்சை. நாடு முழுவதற்கும் அது 21.5. நம் மாநிலத்திலேயே தனியார் மருத்துவமனைகளில் 63.8, அரசு மருத்துவமனைகளில் 36.0. இது தாய்மாரின் உடல்நிலையால் மட்டும் வந்த வேறுபாடு என்று எவராலும் சொல்ல முடியாது. தாலுகா மருத்துவமனையில் மயக்க மருத்துவர் இல்லாத இரவுகளில் எத்தனை பேர் அனுப்பப்படுகிறார்கள், இருக்கும் இரவுகளில் எத்தனை பேர் என்று ஒப்பிட்டால், உங்கள் ஆய்வும் இந்தப் பெரிய ஆய்வும் ஒரே இடத்தில் வந்து சேரும். பணி அட்டவணையை வகுத்தவர்கள் எந்த நோயாளி எந்த இரவில் வருவாள் என்று அறிந்து வகுப்பதில்லை. நான் முன்பு சொன்ன தூரத்தைவிட இது நல்ல கருவி என்று இப்போது தோன்றுகிறது.

பொருநை

ஐயா, மயக்க மருத்துவர் இல்லாத இரவு என்பது அட்டவணையில் எழுதியிருக்கும் இரவாகவே இருக்கும் என்று நம்ப வேண்டாம். அட்டவணையில் பெயர் இருந்தும் ஆள் இல்லாத இரவுகள் உண்டு. பெயர் இல்லாமலே ஓடி வந்து உதவியவர்களும் உண்டு. அறுவை அரங்கின் பதிவேட்டைப் பார்த்தால்தான் உண்மை தெரியும். அந்தப் பதிவேடு எந்த அலமாரியில் இருக்கிறது என்று நம் எல்லோரையும்விட நிலாமுற்றம் அவர்களுக்குத்தான் தெரியும்.

நிலாமுற்றம்

மூன்று வாரங்களுக்குப் பிறகு எழுதுகிறேன். பணிச்சுமையால் தாமதமாகிவிட்டது.

உள்நாட்டிலேயே பொது சுகாதார முதுகலைக்கு விண்ணப்பிக்க முடிவு செய்திருக்கிறேன். துறையின் தடையில்லாச் சான்றுக்கும் கல்வி விடுப்புக்கும் மனு எழுதிக் கொடுத்துவிட்டேன். முனைவர் பட்டத்தைப் பற்றி அதன் பின் யோசிப்பேன்; மகளுக்கு அப்போது பத்து வயது நெருங்கியிருக்கும். இரவில் அவள் தூங்கியபின் ஆர் மென்பொருளோடு ஒரு மணி நேரம் உட்காருகிறேன். 75ஆம் சுற்றின் கோப்பைத் திறக்கவே நான்கு நாட்கள் ஆயின. ஆனால் சலிக்கவில்லை, ஐயா.

எங்கள் துறைத் தலைவரிடம் விவரம் சொன்னேன். ஆய்வாக அல்லாமல், வார்டின் தர மேம்பாட்டுக்காக, மேல்சிகிச்சைக்கு வருவோரின் பதிவேட்டில் ஒரு பத்தியைச் சேர்க்க அவர் ஒப்புக்கொண்டார். பெயர்களைக் குறிக்காமல் சீட்டுகளைப் பார்த்து நேரத்தை மட்டும் எழுதத் தொடங்கினேன். பொருநை அக்கா சொன்னது போலவே பல சீட்டுகளில் நேரம் இல்லை. அதைவிட வியப்பு, எங்களிடமிருந்து வேறு மருத்துவமனைக்கு நாங்கள் அனுப்பிய சீட்டுகளின் நகலை எடுத்துப் பார்த்தபோது, என் கையெழுத்தில் உள்ளவற்றிலும் சிலவற்றில் நேரம் இல்லை. நான் எவருக்கும் அஞ்சி விட்டதில்லை. அவசரத்தில் அப்படி நேர்ந்திருக்கிறது. ஆகவே பயத்தால் விட்டவற்றையும் அவசரத்தால் விட்டவற்றையும் எப்படிப் பிரித்தறிவது என்பது இப்போது என் முன் நிற்கும் புதிய கேள்வி. "புறப்பட்ட நேரம்" என்று பத்திக்குத் தலைப்பு இட்டிருக்கிறேன். சரிதானா என்று சொல்லுங்கள்.

கொங்குமேடு

அம்மா, அந்தப் பத்தியை இரண்டாகப் பிரியுங்கள். அனுப்பலாம் என்று முடிவெடுத்த நேரம் ஒன்று. வண்டி புறப்பட்ட நேரம் மற்றொன்று. இரண்டாவதைப் பின்னர் 108 வண்டியின் பதிவோடு ஒத்துப் பார்த்துக்கொள்ளலாம். முதலாவது சீட்டில் இல்லையென்றால், உடன் வந்திருக்கும் அம்மாவையோ மாமியாரையோ உட்காரவைத்துக் கேளுங்கள். கடிகார நேரம் அவர்களுக்கு நினைவிருக்காது. மத்தியானச் சாப்பாடு வருவதற்கு முன்பா பின்பா என்று கேட்டால் சரியாகச் சொல்வார்கள்.